கெட்டி ஜூஸும் கருகிய காயிலும்: பிரிட்டனுக்குப் போகும் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு

என் வேப்பின் (மின்னணு சிகரெட்டின்) முதல் காயிலை, அதாவது ஜூஸ் என்ற திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் சிறு கம்பிச் சுருளை, நான் பதினைந்து நிமிடத்தில் கருக்கினேன். இரண்டாவது காயில் இரண்டு நாள் ஓடியது. மூன்றாவதைக் கருக்கிய பிறகுதான் கோளாறு காயிலில் இல்லை, நான் ஊற்றிய ஜூஸுக்கும் அந்தக் கருவிக்கும் பொருத்தமே இல்லை என்று புரிந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் குளிர்காலத்தில் ஐந்து காயில் கொண்ட பெட்டி ஒன்றுக்குப் பதின்மூன்று பவுண்ட் கொடுத்துக் கற்ற பாடம் இது. தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சிகரெட் பிடித்து, அங்கே இருபது சிகரெட் பாக்கெட்டின் விலை பதினைந்து பவுண்டைத் தாண்டுவதைக் கண்டு, வேப் பக்கம் திரும்பிய பெரியவர்களுக்காக. சிகரெட்டே பிடிக்காதவர் இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. நிகோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் பழக்கமாகிவிடும்.

1. சட்டம்: வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்

கீழே சொல்லியிருப்பது எல்லாம் பிரிட்டனில் இருக்கும்போது மட்டும். இந்தியாவில் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் 2019-இலிருந்து நடப்பில் இருக்கிறது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, கொண்டுசெல்வது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லையில் வளர்ந்த நமக்கு ஒரு மனப்பழக்கம் உண்டு. இங்கே இல்லாதது அங்கே இருக்கும் என்று நம்புவோம். லாட்டரிச் சீட்டில் அது சரிதான். தமிழ்நாட்டில் 2003-இல் தடை வந்தது, கேரளத்தில் அரசே விற்கிறது. வேப் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது, இது மத்தியச் சட்டம். “பாலக்காட்டில் கிடைக்கிறதாம், கோயம்புத்தூரில் கிடைக்கிறதாம்” என்று யாராவது சொன்னால், கள்ளத்தனமாகக் கிடைக்கிறது என்று பொருள். அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

2. கடைக்குப் போகும் முன் கையில் ஓர் அட்டை

பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற முகமானால் கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார். இருபத்தாறு வயதில் மீசை வைத்திருந்த என்னிடமே கேட்டார்கள். இப்போது விசா எல்லாம் இணையத்தில் ஈ-விசாவாக இருப்பதால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. செல்போனில் விசா பக்கத்தைத் திறந்து காட்டினேன், கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தையும் அந்தக் கடையில் ஏற்கவில்லை.

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைவது மடமை, தொலைத்தால் மொத்தமும் போச்சு. வண்டி ஓட்டக் கற்பவருக்குப் பிரிட்டனில் தரும் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 34 பவுண்ட். எனக்கு மூன்று வாரம் ஆனது. கார் ஓட்டப் போவதில்லை என்றாலும், வயதைக் காட்ட வேண்டிய இடமெல்லாம் அந்த அட்டை உதவும்.

3. கருவியை ஜூஸுக்கு ஏற்றபடி வாங்குங்கள்

நான் செய்த பிழை இங்கேதான் தொடங்கியது. முதலில் ஜூஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். புட்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு திரவங்கள். ஒன்று பிஜி, அதாவது புரொப்பிலீன் கிளைக்கால். நீர்க்க இருக்கும், வாசனையைத் தூக்கிக் காட்டும், தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும். மற்றது விஜி, தாவரக் கிளிசரின். (எங்கள் தெருவில் விஜி என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது வேறு.) விஜி லேசாக இனிக்கும், கெட்டியாக இருக்கும், புகைமூட்டம் அதனால்தான் வரும். அறை வெப்பத்தில் விஜி பிஜியைப் போல இருபது மடங்குக்கும் மேல் கெட்டி. பிஜி கொதிப்பது 188 டிகிரியில், விஜி 290 டிகிரியில். ஆக, கெட்டி ஜூஸ் பஞ்சுக்குள் மெதுவாக ஏறும், ஆவியாக அதிகச் சூடும் கேட்கும்.

புட்டியின் மேல் 50/50, 70/30, 80/20 என்று போட்டிருக்கும். பெரும்பாலும் பெரிய எண் விஜி, ஆனால் சில நிறுவனங்கள் பிஜியை முன்னால் போடும், எழுத்தைப் படியுங்கள்.

விளக்குத் திரியை நினைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். சிம்னி விளக்கின் சன்னமான திரியில் மண்ணெண்ணெய் சரசரவென்று ஏறும். அதே திரியை விளக்கெண்ணெயில் போட்டால் எண்ணெய் ஏறி வருவதற்குள் நுனி கருகிப் புகை கிளம்பும். குத்துவிளக்குக்குத் தடித்த பஞ்சுத் திரி போடுவது ஏன் என்று பாட்டிக்குத் தெரியும். காயிலுக்குள் இருப்பதும் பஞ்சுத் திரிதான், அதைச் சுற்றி ஒரு கம்பி, அவ்வளவே.

பாட் எனப்படும் சிறிய கையடக்கக் கருவிகளில் இருப்பது சிம்னித் திரி. காயிலின் மின்தடை 0.8 ஓம் முதல் 1.2 ஓம் வரை, பத்திலிருந்து இருபது வாட் வரை, ஜூஸ் உள்ளே போகும் துளைகள் ஊசிமுனை போல. இவற்றுக்கு 50/50 ஊற்றுங்கள். 70/30 ஊற்றினால் சிலது தாங்கும், பலது தாங்காது. நான் பாட் ஒன்றில் 80/20 ஊற்றினேன்.

கெட்டி ஜூஸுக்கு வேண்டியது அரை ஓமுக்கும் கீழே உள்ள மெஷ் (கம்பிவலை) காயிலும், அதற்கான டேங்கும், அதாவது ஜூஸ் நிரப்பும் கலமும். காயிலைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். துளை பெரிதாக இருந்து வெள்ளைப் பஞ்சு தெளிவாகத் தெரிந்தால் சரி. காயிலின் உடம்பிலேயே “0.2 ஓம், 50 முதல் 70 வாட்” என்பதுபோல் பொறித்திருக்கும், பெட்டியிலும் அந்த எண் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். டேங்க் கண்ணாடியாக இருக்கட்டும். எலுமிச்சை, ஆரஞ்சு, பட்டை வாசனை ஜூஸ்கள் சில பிளாஸ்டிக் டேங்குகளை விரிசல் விட வைக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இவ்வளவு பெரிய துளை கொண்ட காயிலில் நீர்த்த 50/50 ஊற்றினால் அடியில் ஒழுகி, சட்டைப் பை நனையும்.

இன்னொரு தகவல்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்கள் பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடை. இப்போது போகிறவர் நிரப்பிப் பயன்படுத்துவதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். நம்மவர்கள் தங்கும் வீட்டில் யாராவது பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. நிகோட்டின் கணக்கு

பிரிட்டன் விதிப்படி நிகோட்டின் உள்ள புட்டி 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, டேங்க் 2 மில்லிக்கு மேல் கூடாது, நிகோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கெட்டி ஜூஸ் பெரும்பாலும் நிகோட்டின் இல்லாமல், 60 மில்லி புட்டியில் 50 மில்லி மட்டும் நிரப்பி விற்கப்படும். மேலே விட்டிருக்கும் இடத்தில் 10 மில்லி நிகோட்டின் புட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும். 18 மில்லிகிராம் புட்டியைச் சேர்த்தால் 60 மில்லிக்கு 180 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 3. பெரிய காயிலுக்கு இது போதும்.

பாட் கருவிக்கு விற்கும் 20 மில்லிகிராம் உப்பு நிகோட்டின் (நிக் சால்ட்) ஜூஸைப் பெரிய டேங்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒரு இழுப்பில் உள்ளே போகும் ஆவியின் அளவு பல மடங்கு. என் அறைத்தோழன், பொள்ளாச்சிக்காரன், இதைச் செய்துவிட்டுத் தலைசுற்றலும் வாந்தியுமாக ஒரு மாலை முழுவதும் தரையில் கிடந்தான்.

சேர்க்கும் புட்டி 50/50 ஆக இருந்தால் உங்கள் 70/30 சற்று நீர்த்து ஏறக்குறைய 67/33 ஆகும். அது நல்லதுதான், காயிலுக்கு எளிது. கெட்டியாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் விஜி நிறைந்த நிகோட்டின் புட்டியைக் கேட்டு வாங்கலாம். மூடியைத் திருகி இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கெட்டி ஜூஸில் நிகோட்டின் தானாகக் கலக்காது. ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி குலுக்கினால் குமிழியும் அடங்கியிருக்கும். கையில் பட்டால் உடனே கழுவுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். நிகோட்டின் விஷம்.

ஊரிலிருந்து அத்தை மகன் போனில் சொன்ன யோசனையையும் எழுதிவிடுகிறேன். “ஜூஸ் விலை ஏன் கொடுக்கிறாய்? மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி, வாசனைக்குத் துளித் தேங்காய் எண்ணெய் விடு, மச்சான்.” எண்ணெய் எந்த வகையானாலும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசனை எண்ணெய், வைட்டமின் ஈ எதுவும் வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில் பலர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்த நோய்க்கு, கஞ்சாச் சத்து வேப்களில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டுடன் வலுவான தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது. மருந்துக் கடைக் கிளிசரின் தோலில் தடவத்தான்.

5. புதிய காயிலை நனைக்கும் விதம்

இதை அவசரப்படுத்தினால் பஞ்சு கருகும், கருகிய பஞ்சு திரும்பாது. நான் செய்கிற வரிசை இது:

காயிலைக் கையில் எடுத்து, வெளியே தெரியும் ஒவ்வொரு பஞ்சுத் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு. மேலிருந்து நடுக் குழிக்குள்ளும் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம், நடுவில் குளம் கட்டினால் முதல் இழுப்பில் சூடான ஜூஸ் வாய்க்குள் தெறிக்கும். பஞ்சின் வெண்மை மங்கி ஈரம் தெரிய வேண்டும். பிறகு டேங்கில் பொருத்தி, ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் கெட்டி ஜூஸ் நடுக் குழாயில் இறங்கிவிடும்.

இப்போது காத்திருங்கள். 50/50-க்கு ஐந்து நிமிடம் போதும். 70/30-க்குப் பத்து. 80/20-க்கு இருபது நிமிடம் விடுகிறேன், குளிர் நாளில் அரை மணி. அதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். காத்திருந்த பிறகு காற்று நுழையும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை மூடி, பொத்தானை அழுத்தாமல் மூன்று நான்கு முறை மெதுவாக உறிஞ்சுங்கள். ஜூஸ் பஞ்சுக்குள் இழுபடும். டேங்கில் சிறு குமிழிகள் மேலே எழுந்தால் பஞ்சு குடிக்கிறது என்று அறியலாம்.

காயிலில் 50 முதல் 70 வாட் என்றிருந்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, பத்துப் பதினைந்து குட்டி இழுப்புக்குப் பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். மேல் எல்லைக்குப் போகவே வேண்டியதில்லை. அறுபதுக்கு மேல் நான் போனதில்லை.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துகிடப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். கிளிசரின் அப்படி எளிதில் உறையாது, ஆனால் கெட்டிப்படும். முப்பது டிகிரியில் இருப்பதைவிடப் பத்து டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. ஜனவரியில் சூடேற்றாத அறையில் இரவு முழுக்க கிடந்த டேங்கை எழுந்ததும் இழுத்தால், பஞ்சுக்கு ஜூஸ் வந்து சேராது. புட்டியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி ஊற்றுங்கள். கருவியை உள் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அடுப்பு, ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், பேட்டரி இருக்கிறது.

6. கருகல், குமிழி, கசிவு

கருகிய துணி வாசம் வந்தால் அந்த இழுப்போடு நிறுத்துங்கள். “இன்னொரு தடவை பார்ப்போம்” என்பதுதான் காயிலை முழுதாகக் கொல்வது. முதலில் டேங்கில் ஜூஸ் துளைகளுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வாசம் வந்தால் துளையின் வாயில் காற்றுக் குமிழி அடைத்திருக்கும், கெட்டி ஜூஸில் இது சகஜம். டேங்கைச் சாய்த்து, விரலால் தட்டி, மூடியைச் சற்றுத் திறந்து மூடினால் குமிழி விலகும். அதுவும் இல்லை என்றால் வாட்டைக் குறையுங்கள், இழுப்புக்கும் இழுப்புக்கும் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தொடர்ந்து இழுக்கிறவருக்கு எந்தக் காயிலும் போதாது.

அவ்வளவும் செய்த பிறகும் கருகினால் ஜூஸை நீர்க்கச் செய்யலாம். கலப்பதற்கென்று விற்கும் பிஜியில் பத்து மில்லிக்கு அரை மில்லி சேர்த்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

காயில் எத்தனை நாள் வரும் என்பது இனிப்பைப் பொறுத்தது. சுக்ரலோஸ் என்ற இனிப்புச் சேர்த்த ஜூஸ் கம்பியில் பாகு போலப் படிந்து கரியாகும். எனக்கு மாம்பழக் கஸ்டர்டு ஒன்று மிகவும் பிடித்திருந்தது, நான்கு நாளுக்கு ஒரு காயில் தின்றது. இனிப்பு இல்லாத புதினாவில் அதே காயில் பன்னிரண்டு நாள். கழுவிக் காயவைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், பழைய கரியோடு ஈரப் பஞ்சு வாசமும் சேர்ந்ததுதான் மிச்சம்.

கசிவு என்றால் பெரும்பாலும் ரப்பர் வளையம் நழுவியிருக்கும், அல்லது காயில் இறுகப் பொருந்தியிருக்காது.

7. செலவு

நான் கொடுத்தது: கருவியும் டேங்கும் 35 பவுண்ட், பேட்டரி இரண்டும் அதற்கான உறையும் 14, ஐந்து காயில் 13, ஐம்பது மில்லி ஜூஸ் 12, நிகோட்டின் புட்டி ஒரு பவுண்ட். எனக்கு 60 மில்லி இரண்டு வாரம் வரும். முதல் மாதம் கருவியோடு நூறு பவுண்டைத் தொட்டது, அதில் பாதி என் அறியாமைக்கான கட்டணம். பழகிய பிறகு மாதம் முப்பத்தைந்துக்குள் அடங்கியது. 2026 அக்டோபர் 1 முதல் பத்து மில்லிக்கு 2.20 பவுண்ட் வரி என்று பிரிட்டன் அரசு அறிவித்திருக்கிறது. நிகோட்டின் இல்லாத ஜூஸுக்கும் அது உண்டு. ஆகவே ஐம்பது மில்லி புட்டிக்குப் பதினொரு பவுண்ட் வரி சேரும், பட்ஜெட்டில் இதை மறக்காதீர்கள்.

வாங்கும் முன் உங்கள் பகுதியில் சிகரெட் நிறுத்த உதவும் இலவசச் சேவையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் சில இடங்களில் சிகரெட்டை விடுகிறவர்களுக்குத் தொடக்க வேப் கருவியையே இலவசமாகத் தருகிறார்கள். இது எனக்குப் பணம் செலவழித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

8. அறையும் பேட்டரியும்

வாடகை ஒப்பந்தத்தில் “புகை கூடாது” என்ற வரியில் வேப்பும் சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். கெட்டி ஜூஸின் மூட்டம் புகை அலாரத்தை அலற வைக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒன்பது பேரைப் போர்வையோடு தெருவில் நிற்கவைத்த பெருமை எனக்கு உண்டு. முன்பணத்தில் நாற்பது பவுண்ட் பிடித்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்று வாதாடியது எடுபடவில்லை.

தனியாகக் கழற்றும் பேட்டரியைச் சாவியோடு ஒரே பையில் போடாதீர்கள். மேல் உறை கிழிந்தால் தூக்கிப் போட வேண்டும், அதுவும் குப்பைத் தொட்டியில் அல்ல. வேப் விற்கும் கடைகளே பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி.

9. ஊருக்கு வரும் முன்

டிக்கெட் எடுத்த அன்றே நிகோட்டினைக் குறைக்கத் திட்டமிடுங்கள். நான் ஆறு வாரம் முன்பு தொடங்கினேன்: இரண்டு வாரம் 3 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரம் பாதிக்குப் பாதி நிகோட்டின் இல்லாத ஜூஸ், கடைசி இரண்டு வாரம் நிகோட்டினே இல்லாமல். நான்காவது வாரம் யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. அந்த வாரத்தைத் தேர்வுக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கருவி, டேங்க், காயில், பாதிப் புட்டி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். நெடும்பாசேரியோ கோயம்புத்தூரோ, எங்கே இறங்கினாலும் அது இறக்குமதிதான். “என் சொந்த உபயோகத்துக்கு” என்ற பதிலுக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. கோயம்புத்தூருக்குச் சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். கத்தாரும் தடை செய்த நாடு. நான் கருவியைக் கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காயில் மிச்சத்தை அறைத்தோழனிடம் தள்ளிவிட்டேன்.

ஊரில் இறங்கிய முதல் வாரம்தான் கடினம். வேலந்தாவளம் டீக்கடையில் மாமா சிகரெட்டை நீட்டுவார், “அங்கே பிடித்ததைவிட இது பரவாயில்லை, எடு மாப்பிள்ளை” என்பார். இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் சுயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். அதைச் சவைத்துக்கொண்டே இருக்கக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 112 356, கட்டணம் இல்லை. எண்ணை விமானம் ஏறும் முன்பே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள், டீக்கடையில் நின்றுகொண்டு தேட மாட்டீர்கள்.